ஓரம் கலங்காத கண்ணாடி

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜீவராஜ் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார். தேத்தண்ணி கொடுத்தாலும் அப்படியே நின்றுதான் குடிப்பார். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் படம் எடுப்பவர் அவர்தான். "இன்னும் ஒட்டுங்க, சண்ட போட்டவங்க மாதிரி தள்ளி நிக்காதீங்க" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறை நிஜமாகவே சின்னது. பிலிம் காலத்து லென்ஸை சென்சார் சின்னதான டிஜிட்டல் கேமராவில் மாட்டியதிலிருந்து படத்தில் நாலு பேருக்கு மேல் அடங்குவதில்லை. அதை வெளியே சொல்ல மாட்டார். தொழில்காரருக்கு மானம் பெரிது.

அந்த மானம்தான் போன வருடம் நாகலெட்சுமியைப் படத்திலிருந்து வெட்டியது. தங்கை கட்டார் நாட்டில் வீட்டு வேலையில் இருக்க, அவள் மகளைக் கொழுந்து பறித்து வளர்த்தவர் இந்த அக்காதான். பிள்ளை பெரியவளான சடங்கன்று, புருஷனை இழந்தவர் என்பதால் தாமாகவே ஓரத்தில் நின்றார்.

"நான் படத்துல விழுறேனா தம்பி?"

"எல்லாரும் விழுந்திருக்கீங்க" என்றார் ஜீவராஜ், விழவில்லை என்று தெரிந்தே.

கட்டாருக்குப் போன படத்தின் ஓரத்தில் அவருடைய ஒரு கை மட்டும் இருந்தது. "அக்கா ஏன் நிக்கல?" என்று தங்கை கேட்டு அழுதாளாம். பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் இதைச் சொன்னபோது ஜீவராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நுவரெலியாவில் கோகுலராஜின் கேமராக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். அவர் தேடிப் போன போக்கல் ரெடியூசர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும், உள்ளே கண்ணாடி வைத்த வளையம். பழைய லென்ஸ் அதன் வழியாக அகலமாகப் பார்க்கும். கோகுலராஜ் இரண்டை எடுத்து வைத்தார். ஜீவராஜ் என்னைச் சுவரோரம் நிறுத்தி, படத்தின் ஓரத்தில் விழும்படி இரண்டிலும் எடுத்தார். முதலாவதில் என் மூக்கு எது, வாய் எது என்று எனக்கே தெரியவில்லை.

"நடுவுல நல்லாத்தானே இருக்கு?" என்றார் கோகுலராஜ்.

"நடுவுல நிக்கிறவங்களுக்கு எதுக்குங்க இது?"

ஓரத்திலும் முகம் தெளிவாக விழுந்த இரண்டாவதையே எடுத்துக்கொண்டார்.

"என்ன விசேஷம் வருது?"

"விசேஷம் முடிஞ்சிருச்சுங்க."

மறுநாள் நேரே நாகலெட்சுமி வீடு. நானும் கூடவே போனேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. "ஒரு படம் எடுக்கணும்க்கா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றார் ஜீவராஜ். நாகலெட்சுமி நல்ல சேலையாகக் கட்டி வந்து, ஆளில்லாத அந்த அறையில் ஓரமாகப் போய் நின்றார்.

"நடுவுல வாங்கக்கா."

"இருக்கட்டும் தம்பி. நடுவுல புள்ளைக்கு எடம் வேணாமா?"

"அப்ப புள்ள வர்ற வரைக்கும் இருக்கேன்க்கா" என்று ஜீவராஜ் லென்ஸை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.