மாலை தமிழில், பழி இங்கிலீஷில்

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது இது. அப்போது எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. ஊரில் ஓரளவு பெயர் இருந்த ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். டிரைவர், கண்டக்டர், ஷெட் ஆட்கள் என்று அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன், இங்கிலீஷும் நன்றாக வரும் என்பதால் மேனேஜருக்கு என்மேல் தனி அக்கறை. அக்கறை என்றால், உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்.

"கடுதாசி எழுதுற இங்கிலீஷ் வேற, பத்திரிகைக்காரன்கிட்டப் பேசுற இங்கிலீஷ் வேறம்மா" என்பார். ஆமாம் என்று சொல்லக் கூடாது. இல்லை என்றும் சொல்லக் கூடாது. 'விஷயம் கவனத்தில் இருக்கிறது' என்று சொல்லலாம். 'வருந்துகிறோம்' என்று சொல்லலாம், ஆனால் எதற்காக என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, தப்பு நடந்த இடத்தில் கம்பெனி ஆள் யாரும் நிற்கவே கூடாது. அந்த இங்கிலீஷில் பஸ் தானாகவே லேட்டாகும், கண்ணாடி தானாகவே உடையும். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்வேன்.

அப்போதுதான் கீரமங்கலம் போன எங்கள் பஸ் ஒன்று ஆலங்குடி தாண்டி ரோட்டை விட்டு இறங்கியது. ஸ்டியரிங் கைகொடுக்கவில்லை. எதிரே புளியமரம். டிரைவர் எப்படியோ பிரேக்கை மிதித்து, வண்டியை இழுத்துப் பிடித்து, பக்கத்து வயலுக்குள் இறக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பலாப்பழ வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. டிரைவருக்கு நெற்றியில் நல்ல அடி. மறுநாளே ஊர் முழுக்க அவர் பேச்சுதான். சந்தைக்குப் போகிறவர்கள், "அவரு ஓட்டுறதா இருந்தா ஏறுறோம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மேனேஜர் ஒரு லாட்ஜ் மாடியில் நிருபர்கள் கூட்டம் ஏற்பாடு செய்தார். கேசரி, பஜ்ஜி, காபி. திருச்சியிலிருந்து ஒரு இங்கிலீஷ் பேப்பர் நிருபர், தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதும் உள்ளூர்க்காரர்கள் சிலர். கை முறிந்த அம்மாவையும் கட்டோடு கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். டிரைவருக்கு மேனேஜரே மாலை போட்டார். தலையில் கட்டும் கழுத்தில் ரோஜா மாலையுமாக மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

அந்தக் காலத்தில் கூட்டங்களில் ஒருவர் இங்கிலீஷில் பேசினால், பக்கத்தில் ஒருவர் நின்று அதையே தமிழில் சொல்வது வழக்கம். அந்த வேலை அன்று எனக்கு. தமிழில் எழுதிய தாளைக் கூட்டம் தொடங்கும்போதுதான் மேனேஜர் என் கையில் கொடுத்தார். இங்கிலீஷ் அறிக்கையை வேறு ஊரில் யாரிடமோ எழுதி வாங்கியிருந்தார். என் கண்ணில் காட்டவில்லை.

அவர் எழுந்து இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். வண்டி நல்ல நிலையில் இருந்ததாம். டிரைவர் கவனக்குறைவாக இருந்ததாகத் தெரிகிறதாம். இந்த டிரைவரைப் பற்றி முன்பே அதிருப்தி இருந்ததாம். டிரைவர்மீது தக்க நடவடிக்கை எடுக்க அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறார்களாம்.

டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'டிரைவர்' என்ற சொல் தெரியுமே! அந்தச் சொல் வரும்போதெல்லாம், தன்னைத்தான் புகழ்கிறார்கள் என்று நினைத்து, சபையைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பினார். மாலை போட்டு நிற்கவைத்து ஒரு மனுஷன் தலையில் கல்லைப் போடுகிறார்கள், அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இங்கிலீஷ் நிருபர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

குனிந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். 'உயிரைப் பணயம் வைத்துப் பயணிகளைக் காத்த எங்கள் டிரைவரைப் பாராட்டுகிறோம்' என்று தேன் ஒழுக எழுதியிருந்தது. கணக்கு புரிந்துவிட்டது. கம்பெனி புது ரூட்டுக்குப் பர்மிட் கேட்டிருந்தது. பர்மிட் கொடுக்கிற அதிகாரிகள் படிப்பது இங்கிலீஷ் பேப்பர். பஸ்ஸில் ஏறுகிற ஜனங்கள் படிப்பது தமிழ். அவர்களுக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று. நடுவில் அந்த மனுஷனின் லைசென்ஸ் போய்விடும். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவர்.

"வாசிம்மா" என்றார் மேனேஜர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தாளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, அவர் இங்கிலீஷில் வாசித்ததை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். மேனேஜர் "ஏம்மா, ஏம்மா" என்று என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. நான் நிறுத்தவில்லை.

டிரைவர் கூப்பிய கையை இறக்கினார். "ஏந்தங்கச்சி, இம்புட்டு நேரம் டிரைவர் டிரைவர்னாரே, அம்புட்டும் என்னைய வஞ்சதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் எந்திரித்தார். "யாருய்யா கவனமில்லாம இருந்தது? காலையில ஸ்டாண்டுல வச்சு இந்த மனுசன் கத்துனாரு, ஸ்டியரிங்குல ஆட்டம் இருக்கு, வண்டிய எடுக்க மாட்டேன்னு. இந்தா நிக்கிறாரே மேனேஜரு, இவருதான் 'இன்னைக்குச் சந்தைக் கூட்டம், எடுய்யா வண்டிய'ன்னு வெரட்டுனாரு. நான் அங்கிட்டுத்தான் பழக்கூடையோட நின்னேன். என் காதால கேட்டேன்!"

இங்கிலீஷ் நிருபர் என் பக்கம் திரும்பி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். சற்று முன்தான் அவர் சுத்தமான தமிழில் இன்னொரு பஜ்ஜி கேட்டு வாங்கியிருந்தார்! எனக்கு மண்டை சூடேறிவிட்டது. மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும் இங்கிலீஷில் சொன்னேன். "ஸ்டியரிங் சரியில்லை என்று அவர் சொன்னார். இவர் அனுப்பினார்." யார் அவர், யார் இவர் என்று விரலை நீட்டியே காட்டினேன். நிருபர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் கம்பெனி அறிக்கை ஒரு எழுத்து மாறாமல் வந்தது. தமிழ்ப் பேப்பரில், டிரைவருக்கு மாலை மரியாதை என்று துணுக்கு. எனக்கும் டிரைவருக்கும் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மாடியில் நடந்தது எந்தப் பேப்பரிலும் இல்லை. இத்தனை பேர் கண்ணெதிரே நடந்ததை ஒரே நாளில் இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

லைசென்ஸ் விசாரணை திருச்சியில் நடந்தது. பலாப்பழக்கார அம்மா, அந்த பஸ்ஸில் வந்த இன்னும் சிலரைத் திரட்டிக்கொண்டு, வேறொரு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். நானும் சாட்சிக்குப் போனேன். அதிகாரி குற்றச்சாட்டை இங்கிலீஷில் வாசித்துவிட்டு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அசையவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. தமிழ்ல சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தலைய ஆட்டுறேன்" என்றார்.

அதிகாரி தமிழில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மா சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் தமிழிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். லைசென்ஸ் தப்பியது.

இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலோ பாங்கியிலோ ஒருவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, அவரைப் பற்றியே அவருக்குப் புரியாத மொழியில் இரண்டு பேர் பேசினால், யார் எவர் என்று பார்க்காமல் நான் குறுக்கே போய்விடுகிறேன். அதிகப்பிரசங்கி என்ற பெயர் எனக்கு வந்தால் வரட்டும், தனக்கு எதிராக என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாமல் இன்னொரு மனுஷன் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.