நான் கும்பிட்ட நல்ல பெயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் கிறிஸ்துவிடம் வந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பரவைப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர்கள். நான் படித்து ஆசிரியையாகி, சபையிலேயே ஒருவரை மணந்து, கே.கே. நகரில் குடியேறியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். என் வீட்டில் ஒரு குறை தெரிந்தாலும் 'வேதத்துக்குப் போய் என்னத்தக் கண்டா' என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு நான் வைத்திருந்த பெயர், விசுவாசத்துக்குச் சாட்சி.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பல வருடம் செயலாளராக இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் விக்கிரகங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. செல்போன் ஒரு விக்கிரகம், சாயங்கால சீரியல் ஒரு விக்கிரகம், பிள்ளையின் மார்க் ஒரு விக்கிரகம் என்று நான் சொல்லச் சொல்ல, எதிரே இருக்கும் பெண்கள் தலைகுனிவார்கள். நான் தலைகுனிய ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரே மகளைக் கோச்சடையில் ஜெபக் குடும்பம் என்று பெயரெடுத்த வீட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளை பாடகர் குழுவில் பாடுவார். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது. அன்று சபையில் பெண்கள் ஞாயிறு, பிரசங்கம் என்னுடையது.

"அம்மா, அவரு அடிக்கிறாரும்மா. நான் இங்கயே இருந்துக்கிறேனே."

"இன்னைக்கு மட்டும் போயிரு தாயி. கோயில்ல எம்புட்டுப் பேரு கேப்பாக! நான் மாப்பிள்ளைட்ட பேசுறேன்."

"இருக்கட்டுமேடி," என்றார் என் கணவர். நான் அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார். ஆட்டோ பிடித்து நானே அவளைக் கோச்சடையில் இறக்கிவிட்டு ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் தலையாட்டினார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மூன்று மாதம் கழித்து அவள் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கன்னத்தில் விழுந்த அடியில் இடது காதின் சவ்வு கிழிந்து, உள்ளேயும் அடிபட்டிருந்தது. அந்தக் காது இனிமேல் கேட்பது கஷ்டம் என்றார் டாக்டர். கட்டிலருகே குனிந்து மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வியை எத்தனை வருடமானாலும் என்னால் அழிக்க முடியாது.

"கோயில்ல யாருக்காவது தெரியுமா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாதும்மா. ஒன் பேரு நல்லாத்தான் இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகிற பிள்ளையைத் தேற்றுவது போலச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதுதான், நான் இத்தனை வருடமாக எதன் முன்னால் விழுந்து கிடந்தேன் என்பது விளங்கியது. அதற்கு என் பிள்ளையையே கொடுத்திருந்தேன்.

அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம் முதலில் அனுமதி கேட்டேன், "சொல்லிக்க" என்றாள். பொறுப்பிலிருந்து விலகினேன். சில பெண்கள் அழுதார்கள். ஒருவர் மட்டும், "இதெல்லாம் சபையில சொல்ற விசயமாக்கா?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே, 'எவ்வளவு தைரியமாகச் சொல்கிறாள்' என்று நினைப்பார்களே என ஒரு எண்ணம் எனக்குள் ஓடியது. கூசிப்போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தடவை கீழே தள்ளினால் போய்விடுகிற விக்கிரகம் இல்லை அது.

மகள் கணவரை விட்டு விலகி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவிடம் வாரம் தவறாமல் பேசுவாள். என்னிடம், "சாப்ட்டியாம்மா" என்பதோடு சரி. போன வருடம் சர்டிபிகேட்டுகளை எடுத்துப்போக ஒரு நாள் வந்தாள். மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சும்மா," என்றாள். "ஆனா இந்த வீட்டுக்குள்ள வந்தா எனக்கு மூச்சு முட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்து, அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.