வேகம் பொய் சொன்ன மதியம்

பொறுமை கடையில் விற்றால்கூட அவள் வரிசையில் நின்று வாங்க மாட்டாள். குக்கரில் ஆவி அடங்கும் முன்னே மூடியோடு மல்லுக்கட்டுவாள். லிஃப்ட் வந்து சேரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள். பல் டாக்டரான கணவர் அவளுக்கு வைத்த பெயர் பறக்காவெட்டி. வேலையும் பெயருக்கேற்றாற்போல் அமைந்தது: பயணிகள் விமானத்தில் துணை விமானி.

அந்த அவசரம்தான் பயிற்சிக் கூடத்தில் அவள் மானத்தை வாங்கியது. விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்களில் மோதும் காற்றை வைத்துத்தான் வேகம் அளக்கப்படுகிறது. உயரத்தில், புயல்மேகத்தின் பனித்துகள் அந்தக் குழாய்களை அடைத்துக்கொண்டால், ஒழுங்காகப் பறக்கும் விமானம் நின்றுபோனதுபோல் திரை காட்டும். பயிற்சிக்கான போலி விமானத்தில் அப்படிக் காட்டியதும் அவள் பதறிப்போய் மூக்கைத் தூக்கினாள். இருந்த வேகமும் போய் விமானம் கல்லாக விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

“அப்போ என்னதான் செஞ்சிருக்கணும்?” என்றார் கணவர்.

“மூக்கை அதே கோணத்துல வச்சு, இன்ஜினையும் அதே சக்தியில விட்டுட்டு, கையைக் கட்டுப்படுத்தியிருக்கணும்.”

“உன்னைப் போய்க் கையை வச்சுக்கிட்டு சும்மா இருன்னு சொன்னா எப்படி?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விடுமுறை நாட்களிலும் அனுமதி கேட்டு அந்தக் கூடத்திலேயே பழியாய்க் கிடந்தாள், கைக்குப் புத்தி வரும்வரை.

பிறகு ஒரு மதியம் அது நிஜமாகவே வந்தது. அன்று விமானம் ஓட்டும் பொறுப்பு அவளுடையது. வெள்ளைத் திரை போன்ற மேகம். ராடாரில் பயப்பட ஒன்றுமில்லை. திடீரென்று கண்ணாடியில் மணலை வாரி இறைத்ததுபோல் சத்தம். திரையில் வேகம் சரசரவென்று சரிந்தது. தானாக ஓட்டும் கருவி கைவிரித்தது. எச்சரிக்கை மணி காதைப் பிளந்தது.

மூக்கைத் தூக்கச் சொல்லி அவள் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கோணம் சரி. இன்ஜின் சரி. வேகத்தை நான் நம்பல சார்.”

“நானும் நம்பல. அப்படியே பிடிம்மா,” என்றார் பக்கத்தில் இருந்த கேப்டன். அவருடைய திரை ஒரு வேகத்தைக் காட்டியது, அவளுடையது இன்னொன்றை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவர் கட்டுப்பாட்டு நிலையத்திடம் பேசி வழி கேட்டார். மேகத்தை விட்டு மெல்லத் திரும்பினார்கள். குழாய்களைச் சூடேற்றும் கருவி பனியை உருக்கியது. எண்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

கதவைத் தாண்டி வந்த பணிப்பெண் கேட்டாள்: “ரொம்ப போரடிக்குதா? காபி தரட்டுமா?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அவர்கள் தந்த அறிக்கையை நிறுவனம் கிடப்பில் போடவில்லை. எல்லா விமானங்களிலும் பனியை இன்னும் நன்றாகத் தாங்கும் குழாய்களைப் பொருத்த முடிவானது. அது முடியும்வரை புயல்மேகங்களுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்று உத்தரவும் வந்தது. இதையெல்லாம் அறிவித்த கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

“குழாயை மாத்துங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா புதுசும் என்னைக்காவது அடைக்கலாம். அன்னைக்கு ஓட்டுறவங்க கை பதறக் கூடாது. எல்லாருக்கும் இந்தப் பயிற்சி வேணும்.”

“யாரு சொல்லிக் குடுக்கிறது?” என்றார் பயிற்சித் தலைவர்.

“நான்தான். அதுல விழுந்து எழுந்தவ வேற யாரு இருக்கா?”

ஒப்புக்கொண்டார்கள். கூடத்தில் அவள் ஒவ்வொரு விமானி ஜோடியையும் வறுத்தெடுத்தாள். முதலில் விழாதவர்கள் குறைவு; கடைசியில் விழுந்தவர்கள் யாருமில்லை.

குழாய் இன்னும் மாற்றப்படாத ஒரு விமானம் சில மாதங்கள் கழித்து, ராடாரில் தெரியாத மேகத்துக்குள் போய் அதே வம்பில் மாட்டியது. ஓட்டிய இருவரும் அவளிடம் பயின்றவர்கள். பத்திரமாக இறக்கிவிட்டு, விமானிகள் அறைக்குள் நுழைந்ததும் அவளைத் தேடினார்கள்.

“அடைச்சுதுக்கா! பயணிங்க பாதிப் பேரு தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்பக்கூட இல்ல!”

அவள் நாற்காலி கவிழ எழுந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். அவளுடைய கேப்டன் அறையே அதிர விசிலடித்தார். மொத்தக் கூட்டமும் கைதட்டியது.