மரகதம் சொன்ன ‘நிறுத்து’

ஒரகடத்தில் கார்க் கதவு அடிக்கும் தொழிற்சாலையில் மரகதம்தான் கிரேனுக்குக் கண். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் ரகுவுக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. இவள் வாக்கி டாக்கியில் ‘இறக்கு’ என்றால் இரும்பு அச்சை இறக்குவான். ‘நிறுத்து’ என்றால் நிறுத்துவான். பக்கத்தில் நிற்கும் கோபால் அந்த ‘நிறுத்து’ காதில் விழுந்ததுமே அச்சுக்கு அடியில் கையை விட்டு ஆணியைப் பொருத்துவான். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். அவ்வளவு நம்பிக்கை.

புது டிஜிட்டல் வாக்கி டாக்கி செட் வந்ததும் வந்தது, தலைவலி ஆரம்பித்தது. குரல் கணீரென்றுதான் கேட்டது. ஆனால் இவள் சொல்லிக் கொஞ்சம் கழித்துத்தான் ரகுவின் காதுக்குப் போனது. அதற்குள் அச்சு நாலு விரல் இறங்கிவிடும். கோபாலின் கையோ ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

“பேச்சைத் துண்டு துண்டா சேத்து, சுருக்கி, பொட்டலமா அனுப்புதும்மா. பொட்டலம் ரொம்புற வரைக்கும் காத்திருக்கும்” என்றார் செட்டைக் கவனிக்கும் வசந்தகுமார்.

“சின்னப் பொட்டலமா அனுப்புங்க சார்!”

“அனுப்பலாம். குரல் கரகரன்னு வரும். வெங்கடேசன் சார் ஒத்துக்கணும்.”

சூப்பர்வைசர் வெங்கடேசன் ஒத்துக்கொள்வாரா? “கிளியரா கேக்குதில்ல? அப்புறம் இன்னா நைநைன்னுகினு?” என்று விரட்டிவிட்டார். சொல்லிச் சொல்லி இவள் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில், அச்சு இன்னும் உயரத்தில் இருக்கும்போதே ‘நிறுத்து’ சொல்லப் பழகிக்கொண்டாள். அது சரியான இடத்தில் வந்து நிற்கும். உடனே அவர், “பாத்தியா, ஒரு பிரச்னையும் இல்ல” என்று வேறு சொன்னார். எரிச்சல் வருமா வராதா?

மாதங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல முன்கூட்டியே ‘நிறுத்து’ என்றாள். அச்சு அங்கேயே, மேலேயே நின்றது. என்ன இழவு இது என்று குழம்பியவள் அச்சையே பார்த்துக்கொண்டு, “இறக்கு” என்றாள். கோபாலின் கை உள்ளே இருந்ததை அப்புறம்தான் கண்டாள்.

“நிறுத்து! நிறுத்துடா!”

கிரேன் சட்டென்று நின்றது. கையுறையின் நுனி மட்டும் நசுங்கியது. கோபால் வெளிறிப்போய் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஓடி வந்த வெங்கடேசன், “நீதான கேட்ட? சனிக்கிழமையே லேட்டைக் கொறைச்சாச்சு. இப்ப கத்துற?” என்றார்.

“கொறைச்சீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா சார்? அவன் கை போயிருந்தா யாரு பதில் சொல்றது?”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த அச்சு வந்தது. சரியான உயரத்தில் ‘நிறுத்து’ என்றாள். சொன்ன நொடியே நின்றது. இத்தனை நாள் அவள் கேட்டுக் கேட்டு அலுத்தது இதைத்தான். கோபால் கையை விடவில்லை.

“நின்னுடுச்சு கோபாலு, கைய வுடு.”

அவன் குனிந்து அச்சின் அடியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கிரேன் கம்பியைப் பார்த்தான்.

“இரு அக்கா. நான் பாத்துக்கினே வுடுறேன்.”