பள்ளத்தில் கட்டிய சிவப்பு அட்டை

அந்தச் சிவப்பு அட்டையை எழுதிக் கட்டியது நான்தான். கம்பெனியில் இன்றைக்கும் பாதிப் பேர் அதை ஏதோ ஆடிட் குளறுபடி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குளறுபடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஷாப் ஃப்ளோரை, அதாவது மெஷின்கள் ஓடுகிற தரையை, ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு டிராலிச் சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. தேவையில்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவேன். பொருளின் பெயர், அகற்றக் காரணம், யாருடைய பொறுப்பு, அவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஏழு நாளைக்குள் அந்த ஆள் வந்து 'வேண்டும்' என்று கையெழுத்துப் போடாவிட்டால் பொருளை அப்புறப்படுத்திவிடலாம்.

என் நண்பன் ஒருவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுங்குவார்சத்திரத்தில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவோம். அசெம்பிளி லைனில் நின்று நின்று அவனுக்குக் காலில் நரம்பு சுருண்டுபோனது. லாரி யார்டுக்குப் பின்னால் புதிதாக வெட்டிய மழைநீர்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். நான் அவனுக்காக வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரி யார்டில் பெய்கிற மழை சும்மா போகாது. சொட்டிய டீசல், டயர் தூள், பிரேக் கரி, மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஏரிக்குப் போகும் கால்வாயில் இறங்கும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பள்ளம். சிமெண்ட் பூசாமல், ஆழமில்லாமல் அகலமாக வெட்டி, அடியில் மணலும் சரளையும் போட்டுச் செடி வைத்திருந்தார்கள். முதலில் வைத்த அழகுச்செடிகள் முதல் மழையிலேயே செத்துப்போயின. இவன் ஏரிக்கரையிலிருந்து கோரையும் சம்புப் புல்லும் கொண்டுவந்து நட்டான், கரையோரம் வெட்டிவேர் வைத்தான். குறுக்கே மூன்று இடத்தில் கல் அடுக்கினான். ஓடிவந்த தண்ணீர் அங்கே வந்ததும் நடக்க ஆரம்பித்தது. வண்டல் அடியில் தங்கியது, எண்ணெய்ப் படலம் தண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மறுமுனையில் வெளியே போகிற தண்ணீரில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

மழை பெய்தால் அவன் இரண்டு பாட்டில் பிடிப்பான். ஒன்று பள்ளத்துக்குள் வரும் தண்ணீர், இன்னொன்று வெளியே போகும் தண்ணீர். அந்த இரண்டு பாட்டிலும் மேனேஜர் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. கேன்டீனில் சாம்பார் வாளிக்கு முன்னால் நிற்கும்போது மேனேஜர் அவன் தோளில் கை போட்டு, "பள்ளம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். பின்னால் தட்டோடு நான் நின்றேன். என் தரை எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து கஸ்டமர்கள் வந்தார்கள். அவர்களுக்காக நான் மூன்று நாள் தரையைத் தேய்க்க வைத்திருந்தேன். ஸ்பேனர் மாட்டுகிற பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் என் கையாலேயே வரைந்திருந்தேன். வந்தவர்கள் என் தரைமேல் நடந்து நேராக அவனுடைய சேற்றைப் பார்க்கப் போனார்கள். கோரைக்கு முன்னால் அவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவன் அந்தப் படத்தை என்னிடம் காட்டினான். நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பெனியின் ஒழுங்கைச் சோதிக்க வருகிற அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் அவன் மனைவிக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் லீவு போட்டான். அவன் லீவில் போன மறுநாள் காலை, சம்புத் தண்டு ஒன்றில் சிவப்பு அட்டையைக் கட்டினேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் களைச்செடிகள் என்று எழுதினேன். காரணம், கொசு. பொறுப்பு என்ற இடத்தில் அவன் பெயர். அவனுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று டிக் போட்டேன்.

மூன்றாம் நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். பெண் குழந்தை. என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கேட்டான்: "பள்ளம் எப்டிடா கீது?"

"நல்லா கீது," என்றேன்.

எட்டாம் நாள் கான்ட்ராக்ட் ஆட்களை அழைத்துக்கொண்டு போனேன். அவர்களில் மூத்த அம்மா ஒருத்தர் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமல் நின்றார். "இன்னா சார் இது, பச்சையா நல்லா தானே கீது. இத்தப் போயி ஏன் புடுங்கச் சொல்றீங்க?" என்றார். நான் அட்டையைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை, ஆனால் அட்டையின் சிவப்பு தெரிந்தது. இறங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் பள்ளம் மொட்டையாகிவிட்டது. கல்லையும் எடுத்து ஓரமாக அடுக்கச் சொல்லி, கரைக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடிக்க வைத்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆடிட்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

மழை வந்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் ஊற்றியது. யார்டுத் தண்ணீர் பள்ளத்தில் விழுந்து, நிற்க இடமில்லாமல், கன்னங்கரேலென்று ஒரே ஓட்டமாகக் கால்வாய்க்குப் போனது. ஏரி வாயில் எண்ணெய் பளபளக்கிறது என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். மேனேஜர் பாட்டில் கேட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு போய் நானே இரண்டு பாட்டிலிலும் பிடித்தேன். மேசைமேல் வைத்த பிறகு எது உள்ளே வந்த தண்ணீர், எது வெளியே போன தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை.

லீவு முடிந்து அவன் லட்டு டப்பாவோடு வந்தான். டப்பாவைத் திறக்காமலே நெடுநேரம் பள்ளத்தங்கரையில் நின்றானாம். பிறகு என் மேசைக்கு வந்து அட்டைகள் வைக்கிற ஃபைலைக் கேட்டான். மறைக்க வழியில்லை, ஒவ்வொரு அட்டையையும் பத்திரமாக ஃபைல் செய்கிறவன் நான். அவன் எடுத்துப் படித்தான்.

"எனக்குத் தெரிவிச்சாச்சு, ஆம்னு போட்டுக்கீற. ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடா."

"எல்லாரும் உன் பள்ளத்தையே பாக்குறாங்கடா. என் வேலைய ஒருத்தனும் பாக்க மாட்டேன்றான். எனக்குத் தாங்கல."

அவன் டப்பாவைத் திறந்தான். ஒரு லட்டை எடுத்து ஃபைல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் போட்ட பொய் டிக்கை மேனேஜரிடம் சொல்லிக் காட்டிக்கொடுப்பான் என்று எதிர்பார்த்தேன். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, இதிலும் அவனே நல்லவனாகிவிட்டான் என்று.

அதன்பிறகு பஸ்ஸில் அவன் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டான். எங்கள் சீட்டில் நான் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். சில வாரம் இப்படியே போனது. ஒரு நாள் காலை அவன் இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "யார்டாண்ட வா," என்றான்.

போனேன். பள்ளத்தின் கீழ்ப்பாதியில் அவன் மறுபடியும் கல் அடுக்கி நாற்று நட்டிருந்தான். மேல்பாதியில், லாரிகள் நிற்கிற பக்கம், கோரை நாற்று ஒரு கட்டு கிடந்தது. அதில் சிவப்பு அட்டை ஒன்று கட்டியிருந்தது. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் 'வேண்டும்' என்று எழுதியிருந்தான். தெரிவிக்கப்பட்டதா என்ற கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருந்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"இத்த நீயே போடு," என்றான்.

போட்டேன். அன்றிலிருந்து மேல்பாதி என்னுடையது, கீழ்ப்பாதி அவனுடையது. ஷிஃப்ட் முடிந்ததும் நான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். வருகிற மண்ணும் கரியும் முக்கால்வாசி என் பாதியிலேயே தங்கிவிடுகிறது. எவ்வளவு அள்ளினாலும் என் பக்கம் சாக்கடை மாதிரிதான் இருக்கிறது. கோரைகூடக் கரி பூசிக்கொண்டு நிற்கிறது. அவன் பக்கம் தும்பி பறக்கிறது.

போன மழைக்குப் பிறகு மறுபடியும் கஸ்டமர்கள் வந்தார்கள். கீழ்ப்பாதியில் கூழாங்கல் தெரிகிற இடத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். நான் போகவில்லை. முழங்கால் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய எரிச்சல் அப்படியே வந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை.

அவர்கள் போனதும் அவன் மேலே வந்தான்.

"பொறாமையா கீதாடா?"

"ஆமா," என்றேன்.

தலையை ஆட்டினான். செருப்பைக் கழற்றி, கரையில் நான் அடிக்க வைத்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஒழுங்காக வைத்தான். கரையில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்துச் சேற்றில் இறங்கினான்.