சாமி பானை உப்பு

கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே மிதக்க வேண்டியதெல்லாம் அடியில் படிந்து கிடந்தது. 

கோடையில் மரக்காணம் உப்பளப் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறமாகும். ஆர்க்கியா என்ற நுண்ணுயிரின் வேலை அது. அதில், உடம்புக்குள் காற்றுப் பைகள் கட்டிக்கொண்டு மிதக்கும் ஒரு வகையைப் புதுச்சேரி ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவந்தேன். அந்த மிதப்புதான் என் பிஎச்.டி. ஆனால் அதன் மரபணுத் தொகுப்பில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. என்னைப் போலவே ஓரிடத்தில் நிற்காதவை. காற்றுப் பைக்கான மரபணுவுக்குள் ஒன்று புகுந்தால் மிதப்பு போச்சு. நான் குலுக்கிக் குலுக்கி வளர்த்த குடுவையில் காற்று எங்கும் கிடைத்ததால் மிதக்கவேண்டிய அவசியமே இல்லை, மாறியவையே பெருகிவிட்டன. குளிர்பெட்டியில் சேமித்து வைத்திருந்ததும் மாறிய வகைதான்.

மறுபடி உப்பளத்துக்கு ஓடலாமென்றால் ஐப்பசி மழை. பாத்திகள் ஏரியாகக் கிடந்தன. “பொங்கலுக்குள்ள மிதக்கறத காட்டலைன்னா வேற தலைப்பு பாருங்க” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. ஆத்திரத்தில் யாரிடமும் சொல்லாமல் மரக்காணத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். சீசனில் கடைசியாக உப்பு வாரும்போது ஒரு பிடியை எடுத்து வந்து சாமி படத்தடியில் சின்னப் பானையில் வைப்பது எங்கள் தெரு வழக்கம். தையில் அதைப் பாத்தியில் கரைத்துவிட்டுத்தான் புது வேலை தொடங்கும். காய்ந்த உப்புக்குள்ளும் ஆர்க்கியா பிழைத்திருக்கும். ஒவ்வொரு செல்லும் மரபணுத் தொகுப்பைப் பல பிரதிகளாக வைத்திருக்கிறது. வறட்சியில் ஒன்று அறுந்தால், அறுபடாத பிரதியைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டேன். “பானை உப்புல கொஞ்சம் குடும்மா.”

“சாமி உப்புடி அது. விளையாட்டா உனக்கு?”

“அது இல்லன்னா என் படிப்பே போச்சும்மா.” 

அம்மா உள்ளே போனாள். கற்பூரம் ஏற்றிவிட்டுப் பானையை நீட்டினாள். “பாதி எடுத்துக்க. மொதல்ல உக்காந்து சாப்பிடு. கால்ல சக்கரம் கட்டிக்கினு வர்றா பாரு.”

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, உப்பைக் கரைத்து நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் தடவினேன். காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தே மார்கழி வந்தது. ஒருநாள் காலையில் தட்டு முழுக்கப் பால் கலந்த ரோஸ் நிறப் புள்ளிகள், மிதப்பவை! நடுநடுவே, வெளிச்சம் ஊடுருவும் சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. அவை மிதப்பை இழந்தவை. யாரும் குலுக்காத உப்பிலிருந்து வந்தவற்றிலும் மாற்றம். நான்தான் கெடுத்தேன் என்று மாய்ந்ததை நினைத்துச் சிரித்தேன், அழவும் அழுதேன். இம்முறை மிதப்பதை உடனே குளிர்பெட்டியில் வைத்தேன்.

தையில் மீதி உப்பை அம்மா பாத்தியில் கரைத்துக் கும்பிட்டாள். நானும் கை கூப்பினேன்.

“பரவால்லியே, சாமி கும்பிடறியே!”

“சாமிய இல்லம்மா. அந்த உப்புக்குள்ள இருக்கறத.”

“நான் மட்டும் எத கும்பிடறேனாம்?” என்றாள் அம்மா.