பொன்னிறத் திரைக்கு முதுகு காட்டி இருந்தவர்

இராசநாயகம் அண்ணை மறைந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொலைபேசியில் வந்தது. சொன்னவர் எங்கள் இருவருக்கும் நண்பர். "அண்ணை மோசம் போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம், அப்பிடியே" என்றார். அதே மூச்சில், "பார்வைக்கு வைக்கிறது மார்க்கம் ரவுணிலை. நல்ல ஏரியா. பார்க்கிங் பிரச்சினை இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒருவர் இறந்த செய்தியோடு, அவர் கிடத்தப்படும் இடத்தின் தரமும் கூடவே வருவது எங்கள் ரொறன்ரோ வழக்கம். அண்ணையின் விடயத்தில் அது ஒருவகையில் பொருத்தம்தான். 'நல்ல ஏரியா' என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எதை வைச்சுச் சொல்லுறியள்?" என்று கேட்பார். அதைக் கேட்க இனி ஆளில்லை என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரை நீங்கள் 'லண்டன் இராசநாயகம்' என்று அறிந்திருப்பீர்கள். மனைவியின் சகோதரர்கள் எல்லோரும் இங்கே வந்துவிட்டதால் எண்பதுகளின் கடைசியில் அவரும் வந்தார். அதற்கு முன் லண்டனில் ஒரு பெரிய துணிக்கடையில் திரைச்சீலைப் பகுதியில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பது. ஆங்கிலேயரின் வர்க்க பேதத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறோம். அவர் அதை ஏணியில் நின்று படித்தவர். முன் ஜன்னலில் வெள்ளை வலைத்திரை போடுகிறவன் அயலவனுக்குப் பயந்தவன். திரையும் குஷனும் கம்பளமும் ஒரே நிறத்தில் கேட்கிறவன் நேற்றுத்தான் பணம் கண்டவன். பாட்டனார் காலத்துத் திரை வெயிலில் வெளிறி, ஓரம் நைந்து தொங்க, அதை மாற்றவேண்டும் என்ற எண்ணமே வராதவன்தான் அசல் பெரிய மனிதன். அப்படிப்பட்டவர்கள் கொக்கி கழன்றால் மாட்டிவிட மட்டும் கூப்பிடுவார்களாம்.

"என்னட்டை வாங்காதவன்தான் பெரிய ஆள்" என்பார். ஒரு விற்பனையாளர் தன் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் ஒரே வசனத்தில் தள்ளிவைத்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஒருமுறை நான் அவரிடம், இங்கிலீஷ்காரருக்கு இது ஒரு வியாதி என்றேன். அவர் சிரித்தார். "நாங்கள் மட்டும் என்ன? புது ஆளைக் கண்டவுடனை 'ஊரிலை எவடம்?' எண்டு கேக்கிறம். 'எந்தப் பக்கம், கோயிலுக்கு அங்காலையோ இஞ்சாலையோ?' எண்டு அடுத்தது. அவன் ஜன்னல் கேற்றினைப் பாக்கிறான், நாங்கள் ஒழுங்கையைக் கேக்கிறம். அளவுநாடா ஒண்டுதான் ஐசே." தன்னை யாராவது 'ஊரிலை எவடம்?' என்று கேட்டால், லண்டனில் தான் குடியிருந்த தெருவின் பெயரைச் சொல்வார். கேட்டவர் அதற்குமேல் போக வழி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு நகரம் முழுவதும் சுற்றுவார். அந்தக் காரின் என் பக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். பெரிய மரங்கள் நிற்கும் ஒரு தெருவில் ஒருநாள் காரை நிறுத்தி, "பாரும், பாரும். அசல் சாமான்" என்றார். ஒரு கல்வீட்டின் ஜன்னலில் சாம்பல் பூத்த பச்சைத் திரை. நாங்கள் பார்த்த பார்வையில் பயந்தோ என்னவோ, வீட்டுக்கார வெள்ளைக்காரப் பெண்மணி வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணை தொப்பியைக் கழற்றி, தன் லண்டன் ஆங்கிலத்தில், உங்கள் திரைகளை மெச்சிக்கொண்டிருக்கிறோம் அம்மணி என்றார். அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து, வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனவை அவை, அடுத்த கிழமை கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் பிளைண்ட்ஸ் போடப் போகிறோம், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

திரும்பி வரும்போது அண்ணை அந்தத் தெரு முடியும்வரை காரை மெதுவாக ஓட்டினார். கடைசியில் சொன்னார்: "இந்த நாட்டிலை வகுப்பு இல்லை ஐசே. விலை மட்டும்தான் இருக்கு."

மோர்னிங்சைட் பக்கம் இருந்த அவருடைய வீடு லண்டன் சட்டப்படியே நடந்தது. முன்னால் வெட்டாத வேலி. உள்ளே மூக்குடைந்த தேநீர்ப் பாத்திரம், ஒன்றுக்கொன்று சோடி சேராத கோப்பைகள். முன் ஜன்னலில், கடை மூடும்போது கிடைத்ததென்று லண்டனிலிருந்து சுமந்துவந்த கருநீலத் திரை. வெயில் பட்டுப் பட்டு அது நீலமா சாம்பலா என்று சொல்லமுடியாத நிலைக்கு வந்திருந்தது. அவர் மனைவி பரமேசக்கா இதைப்பற்றி எல்லோரிடமும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "இவருக்குப் பிரபு மாதிரி வாழ ஆசை. செலவில்லாமல்."

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, அவர்களின் ஒரே மகள் வாசுகிக்குக் கல்யாணப் பேச்சு வரும்வரை. மாப்பிள்ளை ரமணன் அவளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். இருவருக்கும் விருப்பம். ரமணனின் தகப்பனார் ஊரில் என்னோடு படித்தவர் என்பதால் பேசிமுடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வாசுகி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அங்கிள், அவையள் ஓம் எண்டால் செய்வன். இல்லையெண்டால் எனக்கு வேறை ஒருத்தரும் வேண்டாம். அப்பாட்டை இதைச் சொல்லாதேங்கோ. ஹீ வில் வொறி." ரமணன் தாயை மீறுகிற பிள்ளையல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மார்க்கத்தில் புது வீடு. இரண்டு கார் நிறுத்தும் கராஜ். அவர்கள் பெண் வீடு பார்க்க வருமுன் பரமேசக்கா புதுக் கோப்பை வாங்கி வைத்திருந்தார். அண்ணை அவற்றை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் பழையவற்றில் தேநீர் பரிமாறினார். அது அவர் காட்டக்கூடிய உச்ச மரியாதை. அதை விளங்கிக்கொள்ள வந்தவர்கள் லண்டனில் ஏணி ஏறியிருக்கவேண்டும்.

ரமணனின் தாயார் சுற்றிப் பார்த்தார். "கேற்றின் கொஞ்சம் வெளிறிப்போச்சு என்ன?" என்றார்.

"வெளிறினது எண்டு சொல்லாதேங்கோ அம்மா. பழகினது" என்றார் அண்ணை.

தகப்பனார் மூக்குடைந்த பாத்திரத்தைப் பார்த்தபடி, உண்மையான இரக்கத்தோடு கேட்டார்: "வாடகை வீடோ?"

"சொந்த வீடு" என்றார் அண்ணை. அந்த அறையில் அதை நம்பியவர்கள் அவ்வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே.

இரண்டு நாள் கழித்து ரமணனின் தகப்பனார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை தங்கமான பிள்ளை. எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். ஆனா தாய் தேப்பன் கஷ்டப்படினம் போலை. இவ யோசிக்கிறா. நாளைக்கு எங்கடை சனம் போய்வாற இடமெல்லோ..." என்று இழுத்தார்.

நான் நேரில் போய்ச் சொன்னேன். வாசுகி மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டாள். "அப்பா, உங்களுக்கு இது ஹெரிட்டேஜ். அந்த அன்ரிக்குப் புவர். தட்ஸ் ஓல்" என்றாள். அழவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவைச் சாத்திய விதத்திலேயே அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்ததை அண்ணை விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணை மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவையின்ரை வீட்டுக் கேற்றின் என்ன மாதிரி?" என்று கேட்டார்.

பொன் நிறம், பூப்போட்ட பளபளப்பு, மேலே மூன்று வளைவாகக் கொசுவம், பக்கத்தில் கட்டிவைக்கக் குஞ்சம் வைத்த கயிறு என்றேன். வைத்தியர் சொல்லும் முடிவைக் கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "குஞ்சமுமோ?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்காபரோவில் நம்மவர் ஒருவரின் துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கொழும்பு முஸ்லிம், எல்லோருக்கும் 'நானா'. அண்ணை அவரிடம், "நானா, உங்கடை கடையிலை உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத துணி எது?" என்று கேட்டார்.

நானா சிரித்தார். "அதுதான் சேர் கூட ஓடுது" என்று ஒரு பொன்னிறச் சுருளை இழுத்துப் போட்டார். இரண்டு திரைச்சீலை வியாபாரிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட அந்தக் கணத்தில் நான் வெறும் பார்வையாளன். வாழ்நாள் முழுவதும் விற்றவர் அன்று முதல்முறையாக வாங்கினார். தன் சட்டப்படி அன்றோடு அவர் பெரிய ஆள் இல்லை என்று ஆயிற்று. அதைச் சொல்லிக் கேலிசெய்ய எனக்கு அன்று மனம் வரவில்லை.

தைப்பது, கொசுவம் பிடிப்பது, தொங்கவிடுவது எல்லாம் அவரே. ஏணியில் ஏறி நின்று, குஞ்சத்தைக் கூடக் கண்ணால் மட்டம் பார்த்துக் கட்டினார். இதற்கு ஏன் இவ்வளவு மினக்கெடுகிறீர்கள் என்றேன். "ரசனை கெட்டதெண்டாலும் நேராய்த் தொங்கவேணும் ஐசே" என்றார்.

ஒரு சாட்டு வைத்து மாப்பிள்ளை வீட்டாரை மறுபடி அழைத்தோம். தாயார் நேரே ஜன்னலடிக்குப் போய்த் துணியைத் தடவிப் பார்த்தார். "இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார். அண்ணை தன் மிகச் சிறந்த லண்டன் உச்சரிப்பில் நன்றி சொன்னார். கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு பரமேசக்காவே, "பிள்ளை போயிட்டாள்தானே, உங்கடை பழைய சீலையைத் திருப்பிப் போடுங்கோவன்" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணை மறுத்துவிட்டார். "அவை எப்பவும் வரலாம். பிள்ளைக்குக் கதை வரக்கூடாது." கழற்றவில்லை. தான் வழமையாக உட்காரும் கதிரையை மட்டும் திருப்பி, சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போன நாளெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பொன்னிறம் ஒரு குற்றம் குறையில்லாமல், நேராகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று அந்த வீட்டில் இருந்தேன். ரமணனின் தாயார்தான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு, சொந்த வீடுபோல ஓடித்திரிந்தார். ஓய்ந்து, அண்ணையின் கதிரையில் வந்து உட்கார்ந்தவர், எதிரே வெறும் சுவரைக் கண்டு திகைத்தார். "ஆர் இதை இப்பிடிப் போட்டது? இந்த வடிவான கேற்றினைப் பாக்காமல்?"

நான் பரமேசக்காவைப் பார்த்தேன். கணவரின் திரைக் கொள்கையை இத்தனை வருடமும் சபையில் வைத்துக் கேலிசெய்தவர் அவர்.

"அவருக்குக் கண்ணுக்கு வெயில் கூடாது" என்றார் பரமேசக்கா. வாசுகி தலை குனிந்துகொண்டாள்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழைய நீலத் திரை. பொன்னிறம் ஏறிய அன்றே அதை மடித்து எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலில் நான் இருக்கும் அப்பாட்மென்ற்றுக்கு வந்து, தானே தொங்கவிட்டுத் தந்தார். என் ஜன்னல் சிறியது; திரை நீளம் கூடிப்போய்த் தரையில் புரண்டது. கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். "வெட்டாதேங்கோ. எப்பவாவது உங்களுக்கும் உயரமான ஜன்னல் வரும்" என்றார். இன்னும் வரவில்லை. நானும் வெட்டவில்லை. வருகிறவர்கள் தரையில் கிடக்கும் அந்த நுனியைப் பார்த்துவிட்டு, "வாடகை வீடோ?" என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்லி, அவர்கள் மிதித்துவிடாமல் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்.